பேக்கிங் திரையில் ஒரு பச்சைக் கட்டம்

போன வாரம் கீர்த்திகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண். குரலில் ஒரே குதூகலம்.

"மேடம், இனி நாம எதுவுமே வரைய வேண்டியதில்லைங்க. என்ன திரை வேணும்னு ரெண்டு வரி சொன்னாப் போதும், கம்ப்யூட்டரே வரைஞ்சு கலரும் அடிச்சுக் குடுத்துருதுங்க. நான் கேட்டதுக்கு ஒரு கூடை கலர் ஸ்கீம் குடுத்துருக்குது. அத்தனையும் அழகா இருக்குதுங்க. எதை எடுக்கறதுன்னுதான் தெரியிலீங்க."

"எந்த செக்‌ஷனுக்குக் கண்ணு?"

"பேக்கிங்குங்க மேடம்."

நான் சிரித்த சிரிப்பில், சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். ஓய்வுக்குப் பிறகு சமையல் அவர் பொறுப்பு, சிரிப்பு என் பொறுப்பு. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கீர்த்திகா விடாமல் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் கிடையாது. பொங்கலூரில் யாராவது கேட்டால் என் மாமியார், "கம்ப்யூட்டர்ல கட்டம் போடறாளுங்க" என்பார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. நூல் வந்து துணியாகி, சாயம் ஏறி, கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் கடந்து அட்டைப்பெட்டிக்குள் போகிற வரை ஒவ்வொரு இடத்திலும் தகவல் சேரும். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து உள்ளே ஏற்ற வேண்டும். அவர் கண் முதலில் எங்கே போக வேண்டும், எந்தக் கட்டம் எங்கே, எந்தப் பொத்தான் எந்த மூலையில், எதற்கு என்ன நிறம் என்பதையெல்லாம் அமைப்பது என் வேலை. கணிதத்தில் ஒரு பட்டம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், இவ்வளவுதான் என் படிப்பு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் மின்னிய காலத்தில் உள்ளே நுழைந்தேன். விரலால் தொட்டால் நகரும் திரை வந்த பிறகு வெளியே வந்தேன். நடுவில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் வேலுச்சாமி சாரிடம்தான்.

வேலுச்சாமி சார்தான் நிறுவனத்தின் முதலாளி. மூலனூர்க்காரர். திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது கை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு கட்டு கொடுப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் செய்த திரை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், "அழகா இருக்குது கண்ணு" என்பார். அப்படிச் சொன்னால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். பிடித்துவிட்டால் "ம்" என்று ஒரே ஒரு சத்தம்தான். அந்த ஒரு "ம்" வாங்கிக்கொண்டு வந்து நாங்கள் கடையில் பஜ்ஜி வாங்கித் தின்று கொண்டாடியிருக்கிறோம்.

முதன்முதலில் நான் செய்த திரையில் கேட்டது, கேட்காதது எல்லாவற்றுக்கும் கட்டம் வைத்திருந்தேன். ஒன்றையும் விட்டுவிடவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. சார் பார்த்தார். "அழகா இருக்குது கண்ணு" என்றார். பிறகு, "ஒறம்பரை வந்தாங்கன்னு ஊட்டுல இருக்கற பலகாரம் பூராத்தையும் ஒரே தட்டுல கொட்டி வெச்சா அவங்க எதைத் திம்பாங்க?" என்று கேட்டார். விருந்தாளி நிலைமை எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

அவரிடம் வேலை செய்ய ஒரு முறை உண்டு. ஒரு கம்பெனிக்குப் போனால் முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. செக்‌ஷனில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் திரையை வரைய வேண்டும். பேனா கூடாது. பேனாவில் வரைந்தால் அழிக்க மனசு வராது என்பார். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் செய்து, நிறம் கொடுத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் எடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். நிறம் போன பிறகும் எது எதுவென்று புரிந்தால்தான் மேலே போகலாம். பழைய மானிட்டரில் பார்க்கிறவர், நிறம் சரியாகப் பிரித்தறிய முடியாதவர் என்று யாருமே தடுமாறக் கூடாது என்பது அவர் கணக்கு.

கடைசியாகக் கண்ணாடிப் பரீட்சை. தன் தடித்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கண்ணை இடுக்கி, மங்கலாகத் தெரியும் திரையைப் பார்ப்பார்.

"சேவ் பட்டன் தெரியுது கண்ணு. பக்கத்துலயே டெலீட் பட்டனும் தெரியுது. ஊட்டு வாசலையும் கெணத்தையும் இப்புடி ஒட்டி ஒட்டி வெப்பாங்களா சாமி?"

நிறம் விஷயத்தில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் எல்லாத் திரைகளிலும் ஒரு வேலை முடிந்துவிட்டால் அந்தக் கட்டம் பச்சையாக மாறும். நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், எண்ணிக்கை குறைந்தால் சிவப்பு, ஆரம்பிக்காவிட்டால் வெள்ளை. அந்தப் பச்சையை அவரே தேடிப் பிடித்தார். கண்ணைக் குத்தாத பச்சை வேண்டும் என்று கடையில் வெற்றிலை வாங்கிவந்து மானிட்டர் பக்கத்தில் வைத்து, கூட்டிக் குறைத்து, ஒருவழியாகக் கொண்டுவந்த நிறம் அது. ஆபீஸில் அதற்கு வெற்றிலைப் பச்சை என்றே பெயர். புதிதாக வருகிறவர்களிடம் அவர் முதலில் காட்டுவது அதைத்தான்.

ஆனால் திருப்பூரில் நிறத்தோடு விளையாடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இங்கே எல்லோருக்கும் நிறம்தான் சோறு போடுகிறது. ஒருமுறை ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி, ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியின் நிறத்தை அப்படியே திரையில் ஒரு கட்டமாகக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காட்டினோம். பார்க்க ஜோராக இருந்தது. மறுநாளே போன் வந்துவிட்டது. ஸ்டோர்காரர் சாயத்திலிருந்து வந்த துணியை மானிட்டர் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஷேடு சேரவில்லை என்று வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். சாயப்பட்டறைக்காரர் தன் ஆபீஸ் மானிட்டரில் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டுத் துணியோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார்கள். வேலுச்சாமி சார் இருவருக்கும் டீ கொடுத்து, "ஏனுங்க, டிவியில தோசையப் பாத்துட்டு அது முறுகலா இல்லையான்னு சண்டை போடறதுங்களா?" என்று கேட்டு, சமாதானம் செய்து அனுப்பினார். அன்று மாலையே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, நிறத்தின் பெயரையும் லாட் எண்ணையும் மட்டும் வைத்தோம்.

இனி பேக்கிங் கதைக்கு வருகிறேன்.

வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு எங்கள் மென்பொருளைப் போட்டிருந்தோம். மற்ற செக்‌ஷன்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. பேக்கிங்கில் மட்டும் வம்பு. பெட்டி கட்டி முடித்ததும், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்று திரையில் ஏற்றினால், பிரின்டர் ஒரு லேபிளைக் கொடுக்கும். அதைப் பெட்டி மேல் ஒட்ட வேண்டும். வெளியே ஸ்மால் என்று லேபிள் இருக்க, உள்ளே மீடியம் இருந்தது. ஒருமுறை இல்லை, இரண்டாம் முறையும் அப்படியே. இரண்டு தடவையும் லாரி ஏறுவதற்குள் அவர்களே கண்டுபிடித்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். வருகிற சனிக்கிழமை, சரக்கு வாங்கும் பையர் தரப்பிலிருந்து ஆய்வாளர் வந்து தானே பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். அவர் கண்ணில் பட்டால் ஷிப்மென்ட் அங்கேயே நின்றுவிடும்.

பேக்கிங் மேனேஜர் சண்முகம் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "உங்க சாப்ட்வேர் மேல குத்தம் சொல்லுலீங்க மேடம். மத்த கம்பெனியில நல்லாத்தானுங்க ஓடுது. இங்க உக்காந்து அடிக்கற புள்ளைதான் சரியில்லீங்க. காலையில போடறதெல்லாம் சுத்தமா இருக்குது. மத்தியானம் சோறு தின்னுபோட்டுத் தூங்கறாங்களாட்ட இருக்குது. இந்த இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பழைய டேபிளுக்கே அனுப்பிச்சர்றேன்."

அந்தப் பெண் ஜெசிந்தா. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். செக்கிங் டேபிளில் வருஷக்கணக்காக நின்று வேலை செய்ததில் காலில் நரம்பு சுருண்டுவிட, இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ப்ளஸ் டூ படித்திருந்ததால் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இடம் கிடைத்தது. திரும்ப டேபிளுக்குப் போ என்றால் அவளால் நிற்க முடியாது. வேலையையே விட வேண்டியதுதான். அதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

"நான் தூங்கலக்கா. கவனமாத்தான் அடிக்கேன். எப்படித் தப்பாப் போவுதுன்னே தெரியமாட்டேங்கு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டு."

எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இவள் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் நானே முடிவு செய்துகொண்டேன். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. சார் சொல்லிக்கொடுத்தபடி லேப்டாப்பைத் திறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செக்‌ஷன் என்றால் செக்‌ஷன், அப்படி ஒரு கலகலப்பு. கொங்குப் பேச்சு ஒரு பக்கம், திருநெல்வேலிப் பேச்சு ஒரு பக்கம், பீகாரிலிருந்து வந்தவர்களின் ஹிந்தி இன்னொரு பக்கம். இத்தனைக்கும் நடுவில் வேலை வழுக்கிக்கொண்டு போனது. காரணம், அங்கே யாரும் சைஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நிறம். ஸ்மாலுக்கு மஞ்சள் ஸ்டிக்கர், மீடியத்துக்குப் பச்சை, லார்ஜுக்கு ரோஸ், எக்ஸ்ட்ரா லார்ஜுக்கு நீலம். கட்டிங்கில் கட்டு கட்டும்போதே அந்த நிறத் துணி நாடாவைச் சுற்றிவிடுவார்கள். கடைசிப் பெட்டி வரை அதே நிறம்தான் கூட வரும். "பச்சை ரெண்டு பெட்டி!" என்று ஓர் அக்கா கத்துவார். "ஹரா, ஏக் டப்பா!" என்று பீகார்க்காரர் அதே பச்சையை ஹிந்தியில் கத்துவார். ஜெசிந்தாவின் விரல் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஓடியது. காலையில் பார்த்தவரை ஒரு தப்பும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் எப்படியோ இரண்டு லேபிள் தப்பாக வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மாலை டீ நேரத்தில், "நீ போய்க் குடிச்சுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று ஜெசிந்தாவை அனுப்பிவிட்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் கையால் நானே செய்த திரை. கண்ணை மூடிக்கொண்டுகூட அடிப்பேன் என்று ஒரு தெனாவெட்டு. "பச்சை ஒண்ணு!" என்று குரல் வந்தது. அடித்தேன். லேபிள் வந்தது. பீகார்க்காரர் வாங்கி ஒட்டினார். டீ குடித்துவிட்டு வந்த ஜெசிந்தா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஸ்மால்னு வந்துருக்கு. உள்ள இருக்கது மீடியம்லா?"

குனிந்து லேபிளைப் படித்தேன். ஸ்மால்தான்.

"உங்களுக்கும் தூக்கமாக்கா?" என்றாள் மெதுவாக.

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. திரையில் ஸ்மால் கட்டம் பச்சையாக இருந்தது. அன்றைய ஸ்மால் பெட்டிகள் மத்தியானத்தோடு முடிந்துவிட்டன. முடிந்ததால் அந்தக் கட்டம் எங்கள் முறைப்படி வெற்றிலைப் பச்சைக்கு மாறியிருந்தது. இரண்டு நாளாக "பச்சை, பச்சை" என்று கேட்டுக் கேட்டு என் காதுக்கும் பச்சை என்றால் மீடியம் என்று ஆகிவிட்டது. பச்சை என்று குரல் வந்ததும் கண் பச்சைக் கட்டத்துக்கு ஓடியது, விரல் பின்னாலேயே போனது. எக்ஸ்போர்ட்டில் சில பீஸ் கூடுதலாகப் போவது சகஜம் என்பதால், முடிந்த கட்டமும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்படி நாங்களே வைத்திருந்தோம். அதனால் திரையும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் எந்த சைஸும் முடிந்திருக்காது, எந்தக் கட்டமும் பச்சையாக இருக்காது. எல்லாமே நடந்துகொண்டிருக்கும் மஞ்சளில் இருக்கும்போது நிறத்தை நம்ப முடியாது, எழுத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதனால்தான் காலையில் தப்பு வரவில்லை. மற்ற கம்பெனிகளில் சைஸுக்கு எழுத்து ஸ்டிக்கர்தான், நிறம் கிடையாது. அதனால் அங்கே இந்தப் பேச்சே எழவில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் எழுத்து புரிகிறதா என்று கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துப் பார்த்திருந்தோம். எழுத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உடனே சாருக்குப் போன் செய்தேன். மறுநாள் மத்தியானம் வந்தார். அவர் வெற்றிலைப் பச்சையைப் பற்றி அவரிடமே குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். "நான் ஒருக்கா உக்காந்து பாக்கறேன்" என்று ஜெசிந்தாவின் இடத்தில் உட்கார்ந்தார். பேக்கர்கள் கத்தினார்கள். சார் ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி, தலைப்பில் இருக்கும் எழுத்தைப் படித்து, நிதானமாக அடித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எனக்குச் சரியாத்தானே வருது கண்ணு?" என்றார்.

சண்முகத்துக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம்? சார் இன்னைக்குத்தான் வர்றாருங்க, எத்தனை சுத்தமா அடிக்கறாருங்க. அப்ப ஆளுதானுங்க தப்பு."

ஜெசிந்தா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் இருந்த பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கோபத்தில்தான் எனக்கு நல்ல யோசனை வரும் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்.

"மேனேஜர் சார், நீங்க ஒருக்கா உக்காருங்களேன்" என்றேன்.

"நானுங்களா?"

"நீங்கதானுங்க. நீங்க இந்த செக்‌ஷன்லயே வளந்தவரு. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இதுல என்னுங்க இருக்குது? கத்துங்கப்பா!" என்றார். முதலாளி வீட்டுக் கல்யாணம் மாதிரி மொத்த செக்‌ஷனும் சுற்றி நின்றது. "ரோஸ் ஒண்ணு!" அடித்தார். "நீலம் ரெண்டு!" அடித்தார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அந்த வேலையைக் கரைத்துக் குடித்தவர் அவர். "ஹரா, ஏக் டப்பா!" தலையைக்கூடத் தூக்கவில்லை. டக்கென்று அடித்து, என்டரைத் தட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பிரின்டர் லேபிளைக் கொடுத்தது. பீகார்க்காரர் அதை எடுத்துப் பெட்டி பக்கத்தில் வைத்துப் பார்த்து, தயங்கித் தயங்கி, "சாப்... இது மஞ்சள் சைஸ் லேபிள். பெட்டி பச்சை" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

சண்முகம் லேபிளைப் பிடுங்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஒவ்வொருவரும் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேலுச்சாமி சார்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்புப் பண்ணுலீங்க சண்முகம். ஏன்னா எனக்கு இந்த வேலை தெரியாது. நீங்களும் பண்ணுனீங்க, இந்தப் புள்ளையும் பண்ணுச்சு, ரெண்டு நாள் உக்காந்து பாத்த எங்க மல்லிகாவும் பண்ணியாச்சு. வேலை தெரிஞ்சவங்க எல்லாருக்கும் தப்பு வருதுன்னா, அது ஆளோட தப்பு இல்லீங்க."

பிறகு கண்ணாடி இல்லாமலே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆசையாகக் கொண்டுவந்த நிறம் என்று எனக்குத் தெரியும். எனக்கே கஷ்டமாக இருந்தது.

"என்ற பச்சையை எடுத்துப்போடு கண்ணு" என்றார்.

சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. சண்முகம் இறங்கி வந்துவிட்டார், ஆனால் முழுசாக வரவில்லை. "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டுங்க மேடம், அப்பறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஷிப்மென்ட் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அந்தச் சில நாள் நான் பட்ட சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் பட்டதில்லை. திரையை அப்படியே திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு சைஸின் வரிசையும் மேலிருந்து கீழ் வரை அந்தக் கம்பெனியின் சைஸ் நிறத்திலேயே இருக்கும். காலையிலும் மாலையிலும் அது மாறாது. ஒரு சைஸ் முடிந்துவிட்டால் நிறம் மாறாமல் கட்டத்தின் மேல் ஒரு பெரிய டிக் விழும், எழுத்து மங்கிவிடும். அதில் மேற்கொண்டு ஏற்றப் போனால், "ஸ்மால் முடிந்துவிட்டது. கூடுதலாகச் சேர்க்கவா?" என்று திரை நிறுத்திக் கேட்கும். எந்த சைஸுக்கு எந்த நிறம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒரு தனிப் பக்கமும் வைத்தேன்.

நிறம் தேர்ந்தெடுப்பதற்கு ஆபீஸில் உட்காரவில்லை. ஸ்டிக்கர் ரோல்களை மானிட்டர் ஓரத்தில் வரிசையாக ஒட்டிவைத்து, செக்‌ஷன் டியூப்லைட் வெளிச்சத்திலேயே பார்த்தோம். பச்சையும் நீலமும் சுலபமாக வந்துவிட்டன. ரோஸுக்குத்தான் பெரிய பஞ்சாயத்து.

"இது பஞ்சுமிட்டாய்க் கலருக்கா. எங்க ரோஸு இது இல்ல" என்றாள் ஜெசிந்தா.

கொஞ்சம் அழுத்தமாக்கினேன்.

"அய்யோ, இது சிவப்பால்லா போயிட்டு!"

சண்முகம் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், "இத்துனூண்டு வெள்ளை சேருங்க மேடம்" என்றார். சேர்த்தேன். ஸ்டிக்கரும் திரையும் ஒன்றாகிவிட்டன. தன் பங்கும் இதில் இருக்கிறது என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துச் சாரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பில் எழுத்து பெரிதாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் திரையையும் பார்த்தார். "ம்" என்றார். அன்றைக்குப் பஜ்ஜி தின்னக்கூட எனக்குப் பொழுது இல்லை, நேராக வேலம்பாளையத்துக்கு ஓடினேன்.

சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவே நடந்து, நினைத்த இடத்தில் நின்று, "இதை எடுங்க, அதை எடுங்க" என்று கைகாட்டினார். அடியில் இருந்ததையும் மூலையில் இருந்ததையும் இழுத்துப் போட்டுத் திறந்தார்கள். அவர் லேபிளைப் படிப்பார், உள்ளே கையை விட்டு ஒரு பனியனை எடுப்பார், கழுத்தில் இருக்கும் சைஸைப் பார்ப்பார், அடுத்த பெட்டிக்குப் போவார். ஜெசிந்தா தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி, கழுத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அது நனைந்துபோய்விட்டது. அன்று மத்தியானம் யாருக்காவது தூக்கம் வருகிறதா என்று அவர் கேட்கவில்லை.

கடைசிப் பெட்டியையும் பார்த்துவிட்டு, ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு, "எல்லாம் சரி. வண்டி ஏத்துங்க" என்றார்.

செக்‌ஷனில் எழுந்த சத்தத்தில் பக்கத்துத் தையல் பகுதியே மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. பீகார்க்காரர்கள் விசில் அடித்தார்கள். ஆய்வாளர் போகிற வரை பொறுமையாக இருந்த சண்முகம், அவர் படியிறங்கியதும் நேராக ஜெசிந்தாவின் மேசைக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு என்னவோ போல இருந்திருக்க வேண்டும். அதனால் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

"ஜெசிந்தா, நாளைக்கும் நீயே இங்க உக்காரம்மா."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சிலுவையிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைலா சார். சர்ச்சுக்குப் போணும்."

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. சண்முகமும் சிரித்துவிட்டார். "சரி சாமி, சர்ச்சுக்குப் போயிட்டுத் திங்கக்கெழமை வா. செவ்வாக்கெழமையும் வா. இனி எப்பவும் அது உன்ற எடந்தான்" என்றார்.

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். ஜெசிந்தா கம்ப்யூட்டரை அணைத்தாள். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே நுனியால் திரையையும் துடைத்தாள். எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து அந்த நாற்காலியில் சும்மா ஒருதரம் உட்கார்ந்து பார்த்தாள்.